சுற்றி ஆடிய கறுப்பின பேஸ்பால் குழுவில் இருந்த ஒரு பிட்சரின் கணக்கை எங்கே தேடுவது?

இளவேனில்:

வணக்கம். நான் அயோவாவில் இருக்கிறேன். எங்கள் தெருவில் எண்பதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய தாத்தா 1920களில் பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்), இடதுகைக்காரர். குளிர்காலத்தில் நிலக்கரிச் சுரங்க வேலை. கோடை வந்தால் ஒரு குழுவோடு காரில் கிளம்பி, ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் அணியோடு ஆடிவிட்டு வருவாராம். குடும்பம் முதலில் இருந்தது பக்ஸ்டனில்.

அவர்களிடம் ஒரு புகைப்படம் இருக்கிறது. சட்டையில் ‘ஜயண்ட்ஸ்’ என்று மட்டும் தைத்திருக்கிறது. முன்னால் என்ன பெயர் என்று யாருக்கும் நினைவில்லை.

2024-ல் மேஜர் லீக் பேஸ்பால், அன்று தன்னிடம் இடம் மறுக்கப்பட்ட கறுப்பினத்தவர் ஆடிய நீக்ரோ லீக் கணக்குகளைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்த்தது என்று படித்ததும், ஆசையாக அவர் பெயரைத் தேடினேன். இல்லை. சீம்ஹெட்ஸ் தளத்தின் நீக்ரோ லீக் தரவுத்தளத்திலும் இல்லை. பெரியவர் கேட்டது ஒரே கேள்விதான்: “அவர் எத்தனை ஆட்டம் ஜெயிச்சார்னு எங்கேயாவது எழுதி வெச்சிருப்பாங்களா?” பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அவர் ஆடவே இல்லை என்று ஆகிவிடுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

மதுரம்:

பட்டியலில் இல்லாததற்கு வேறு காரணம். மேஜர் லீக் 2020 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு லீக்குகளை மட்டும்தான். ரூப் ஃபாஸ்டர் 1920 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியில் கூட்டம் போட்டுத் தொடங்கிய நீக்ரோ நேஷனல் லீக் அதில் முதலாவது. அந்த லீக்குகளின் ஆட்டங்களை வைத்துத்தான் 2024 மே மாதம் கணக்கைச் சேர்த்தார்கள். கறுப்பின ஆட்டக்காரர் ஜாஷ் கிப்சன் .372 பேட்டிங் சராசரியோடு, அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபைத் தாண்டி முதலிடம் வந்தது அப்போதுதான். சிற்றூர் அணியோடு ஆடியது, வழியில் நிறுத்தி ஆடியது எதுவும் அதில் வராது. நீங்கள் சொல்லும் தாத்தா செமிப்ரோ (அரைத்தொழில்முறை) ஆட்டக்காரர் மாதிரி தெரிகிறது. பழந்தாள் ஐயா இதைப் பல வருஷமாகத் தோண்டுகிறவர், அவர் வரட்டும்.

பழந்தாள்:

இளவேனில், முதலில் அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்லுங்கள்: எழுதி வைத்திருப்பார்கள். தாத்தா வாரத்துக்கு நாலைந்து ஆட்டம் ஆடியிருப்பார். அதில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு தாளில் வந்திருக்கும். ஆனால் அது அவர் ஊர்த் தாளாக இருக்காது. இங்கேதான் நிறையப் பேர் தேட ஆரம்பித்துச் சோர்ந்துபோகிறார்கள். ஆட்டக்காரரின் ஊரை வைத்துக்கொண்டு தேடுவார்கள். தேட வேண்டியது எதிரணியின் ஊரில்.

யோசித்துப் பாருங்கள். ஒரு கறுப்பினப் பயணக் குழு ஒரு புதன்கிழமை மாலை 1,500 பேர் உள்ள ஊருக்கு வருகிறது. அந்த ஊருக்கு அது திருவிழா. கடைகளைச் சீக்கிரம் மூடுவார்கள். ஊர் வாரப் பத்திரிகை முந்தைய வாரமே விளம்பரம் போடும், அடுத்த வாரம் ஆட்டக் கதை போடும். அந்தக் குழுவுக்கோ அது சுற்றுப்பயணத்தில் இன்னொரு நாள். சிகாகோ டிஃபெண்டருக்கும் பிட்ஸ்பர்க் கூரியருக்கும் அந்தச் செய்தி எட்டியிருந்தால் ஒரு வரி வந்திருக்கலாம், அவ்வளவுதான். கறுப்பினப் பத்திரிகைகளில் லீக் ஆட்டங்களும் பெரிய நகரங்களும்தான் இடம்பிடித்தன. உங்கள் பகுதிக்கு டி மொய்னில் வந்த பைஸ்டாண்டர் வாரப் பத்திரிகையைக் கட்டாயம் பாருங்கள், அது கறுப்பினத்தவர் நடத்தியது. ஆனால் ஆட்டக் கணக்கு என்று போனால் வெள்ளையர்களின் சிற்றூர்த் தாள்கள்தான் சுரங்கம்.

இதற்கு ஜான் டொனால்ட்சனைவிடச் சிறந்த சாட்சி இல்லை. 1891-ல் மிசூரி மாநிலம் கிளாஸ்கோவில் பிறந்தவர், அவரும் இடதுகை பிட்சர்தான். ஜே. எல். வில்கின்சனின் ஆல் நேஷன்ஸ் குழுவில் ஆடினார், பிறகு மின்னசோட்டாவில் பெர்த்தா என்ற குட்டி ஊர் சம்பளம் கொடுத்து அவரைத் தன் அணிக்கு வைத்துக்கொண்டது. லீக் கணக்கை மட்டும் பார்த்தால் அவர் யார் என்றே புரியாது. பீட்டர் கோர்ட்டன் என்பவர் தலைமையில் தன்னார்வலர்கள் சேர்ந்து ஊர் ஊராகப் பழைய தாள்களைப் புரட்டினார்கள். 400க்கு மேல் வெற்றிகள், 5,000க்கு மேல் ஸ்ட்ரைக்அவுட்கள் (பேட் செய்பவரை மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆக்குவது) என்று ஆவணத்தோடு நிரூபித்துவிட்டார்கள். 1925-ல் ஃபெர்கஸ் ஃபால்ஸில் அவர் பந்து வீசும் படச்சுருள்கூடக் கிடைத்தது. அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி எந்த லீக் ஏட்டிலும் ஒருநாளும் எழுதப்படாதது. எதிரணி ஊர்க்காரர்கள் தங்கள் தாளில் போட்டுக்கொண்டதுதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பக்ஸ்டன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கன்சாலிடேஷன் கோல் கம்பெனி மன்ரோ கவுண்டியில் 1900 வாக்கில் கட்டிய சுரங்க ஊர் அது. கறுப்பினத்தவர் அதிகமாக இருந்த ஊர், கறுப்பின மருத்துவர்களும் வக்கீல்களும் கடைக்காரர்களும் தொழில் செய்த ஊர். அங்கே பக்ஸ்டன் வொண்டர்ஸ் என்று ஒரு பேஸ்பால் அணி இருந்தது. சுரங்கம் மூடத் தொடங்கியதும் 1920களின் ஆரம்பத்தில் ஊரே காலியாகிவிட்டது. தாத்தா சிறுவயதில் அந்த மைதானத்தில் பந்து பொறுக்கிப் போட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் புகைப்படச் சட்டை வொண்டர்ஸ் சட்டை இல்லை, ஜயண்ட்ஸ் சட்டை.

ஜயண்ட்ஸ் என்ற பெயரை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது. 1885-ல் நியூயார்க்கின் பாபிலோனில் ஒரு ஓட்டலை ஒட்டி உருவான கியூபன் ஜயண்ட்ஸ் புகழ்பெற்றதிலிருந்து, கறுப்பின அணிகள் அந்தப் பெயரை வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. சிகாகோ அமெரிக்கன் ஜயண்ட்ஸ், லிங்கன் ஜயண்ட்ஸ், பாகரக் ஜயண்ட்ஸ், மிஷிகனில் பேஜ் ஃபென்ஸ் ஜயண்ட்ஸ் என்று போய்க்கொண்டே இருக்கும். சுவரொட்டியில் ஜயண்ட்ஸ் என்று பார்த்தாலே வருவது கறுப்பினக் குழு என்று ஊருக்குப் புரிந்துவிடும். 1920களில் அயோவாவைச் சுற்றி வந்தவர்கள் என்றால் நான் முதலில் பார்ப்பது கில்கர்சன்ஸ் யூனியன் ஜயண்ட்ஸ். இலினாய் மாநிலம் ஸ்பிரிங் வேலிதான் அவர்களுக்கு இருப்பிடம், அயோவா, மின்னசோட்டா, டகோட்டா எல்லாம் அவர்கள் சுற்றிய பாதை. அந்தக் குழுதான் என்று நான் சொல்லவில்லை. அங்கிருந்து தொடங்குங்கள் என்கிறேன்.

தாள் எங்கே கிடைக்கும்? லைப்ரரி ஆஃப் காங்கிரஸின் குரோனிக்ளிங் அமெரிக்கா என்ற பழைய செய்தித்தாள் தொகுப்பு இலவசம். அயோவாவில் பல சிற்றூர் நூலகங்கள் தங்கள் ஊர்ப் பத்திரிகையைத் தாங்களே ஸ்கேன் செய்து இணையத்தில் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு நூலகத்துக்கும் தனித்தனி முகவரி, பொதுவான தேடல் பெட்டி கிடையாது, பொறுமையாகத்தான் போக வேண்டும். டிஃபெண்டரும் கூரியரும் புரோக்வெஸ்ட் தரவுத்தளத்தில் இருக்கின்றன, அருகிலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனால் பெரும்பாலும் பார்க்க விடுவார்கள். பால்டிமோர் ஆஃப்ரோ-அமெரிக்கன் கூகுளின் பழைய செய்தித்தாள் பகுதியில் இருக்கிறது.

தேடும்போது தாத்தா பெயரை மட்டும் போடாதீர்கள். பழைய அச்சைக் கணினி தப்பும் தவறுமாகத்தான் படிக்கும், ஜயண்ட்ஸில் முதல் எழுத்தே மாறிப்போயிருக்கும். கறுப்பினத்தவரைக் குறிக்க அந்தக் காலத்தில் எழுதிய ‘கலர்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடுங்கள். படிக்கவே மனசு கூசும் வர்ணனைகள் வரும், வேறு வழியில்லை. எதிரணியின் உள்ளூர் பிட்சர் பெயர் கிடைத்தால் அதைப் போட்டுத் தேடுங்கள். அவர் பெயரைத்தான் ஊர்த் தாள் ஒழுங்காக அச்சடித்திருக்கும், ஆட்டம் முழுக்க அவரோடுதான் வரும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஆட்டத்துக்கு முன்னால் வரும் செய்தியையும் பின்னால் வரும் செய்தியையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். முன்னால் வருவது பெரும்பாலும் குழு மேலாளர் அனுப்பிய விளம்பரம். “போன வருஷம் இத்தனை ஆட்டம் ஜெயித்தோம், எங்கள் பிட்சர் நாட்டிலேயே சிறந்தவர்” என்று அள்ளிவிடுவார்கள். அதில் வரும் எந்த எண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டாம். குழு எந்தத் தேதியில் எங்கே போகிறது என்பதற்கு மட்டும் அது உதவும், அதற்கு அது பொன்னான ஆதாரம். இன்று இந்த ஊர், நாளை 30 மைல் தள்ளி அந்த ஊர் என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால் அடுத்து எந்தத் தாளைத் திறப்பது என்று தானே தெரிந்துவிடும்.

இளவேனில்:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே எதிரணி ஊர்ப் பக்கம் போனேன். ஒரு வாரத் தாளில் கிடைத்துவிட்டது! வியாழக்கிழமைத் தாள். குடும்பப்பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் ‘இடதுகை’ என்று கதையில் வருகிறது, யூனியன் ஜயண்ட்ஸ் என்றும் இருக்கிறது. பெரியவரிடம் படித்துக் காட்டினேன், தாத்தா பெயரைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

பாக்ஸ் ஸ்கோரும் (ஆள் வாரியான ஆட்டக் கணக்கு அட்டவணை) இருக்கிறது, ஆனால் எனக்கு அரைகுறையாகத்தான் புரிகிறது. அட்-பேட், ரன், ஹிட், புட்அவுட் (எதிரணி ஆளை அவுட் ஆக்கியது), அசிஸ்ட், எரர் என்று ஆறு பத்திகள். பிட்சர் எத்தனை ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார், எத்தனை வாக் (தவறாக வீசி, பேட் செய்பவரைச் சும்மா முதல் பேஸுக்கு விடுவது) கொடுத்தார் என்று எங்கேயும் இல்லை. உள்ளூர் அணிக்கு 31 அட்-பேட், 2 ரன், லெஃப்ட் ஆன் பேஸ் 5. எங்கள் ஆள் பக்கத்து கேச்சருக்கு (பேட் செய்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) 12 புட்அவுட். ஜயண்ட்ஸ் ஜெயித்திருக்கிறது, அவர்தான் முழுக்க வீசியிருக்கிறார். இதிலிருந்து அவர் கணக்கை எடுக்க முடியுமா?

பழந்தாள்:

ஆகா! முடியும், நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே.

முதலில் தேதி. வியாழக்கிழமை என்பது தாளின் தேதி. “போன ஞாயிறு” என்று கதையில் இருந்தால் நான்கு நாள் பின்னால் போய் எழுதுங்கள். ஒரே ஆட்டம் இரண்டு தாள்களில் இரண்டு தேதியில் வந்து, இரண்டு வெற்றியாகக் கணக்கில் ஏறிவிடுவது இந்த வேலையில் சாதாரணம்.

அடுத்து, பாக்ஸ் ஸ்கோர் சரியாக இருக்கிறதா என்று சோதியுங்கள். ஒன்பது இன்னிங்ஸும் முழுக்க ஆடியிருந்தால் இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் வீதம் ஒவ்வோர் அணியின் புட்அவுட்டையும் கூட்டினால் 27 வர வேண்டும். உள்ளூர் அணி முன்னிலையில் இருந்து கடைசிப் பாதியை ஆடாமல் விட்டிருந்தால் வந்த அணிக்கு 24 மட்டும் வரும். உங்கள் ஆட்டத்தில் உள்ளூர் தோற்றிருக்கிறது, ஆக இரண்டு பக்கமும் 27. வரவில்லையென்றால் அச்சுக்கோத்தவர் ஏதோ ஒரு வரியில் தவறியிருக்கிறார்.

இப்போது வாக்குக்கு வாருங்கள். பேட் செய்ய வந்த ஒவ்வொருவரும் முடிவில் மூன்றில் ஒன்றாகத்தான் ஆக முடியும்: ரன் எடுத்திருப்பார், பேஸில் நின்றுபோயிருப்பார், இல்லை அவுட் ஆகியிருப்பார். ஆக 2 ரன், 5 பேர் பேஸில் மிச்சம், 27 அவுட். மொத்தம் 34 பேர் வந்திருக்கிறார்கள். அட்-பேட் 31. அட்-பேட்டில் சேராத மீதி 3 பேர் வாக், பந்து உடலில் பட்டது, சாக்ரிஃபைஸ் (தான் அவுட் ஆகி, பேஸில் நிற்பவரை முன்னே நகர்த்துவது) இவற்றில் ஏதோ ஒன்று. அதாவது உங்கள் ஆள் அன்று அதிகபட்சம் 3 வாக்தான் கொடுத்திருக்க முடியும். நூறு வருஷம் கழித்து, அந்தத் தாள் சொல்லாமல் விட்டதை நாம் கணக்குப் போட்டு எடுக்கிறோம். எனக்கு இது ஒவ்வொரு முறையும் பெரிய சந்தோஷம்.

ஸ்ட்ரைக்அவுட்டுக்கு அந்த கேச்சரைப் பாருங்கள். ஸ்ட்ரைக்அவுட் ஆனால் புட்அவுட் கேச்சர் கணக்கில் ஏறும். 12 என்றால் நிறைய. அதில் ஃபவுல் பந்தைப் பிடித்தது, ஹோம் பிளேட்டில் தடுத்தது ஒன்றிரண்டு இருக்கலாம், ஆகவே ஸ்ட்ரைக்அவுட் பத்தை ஒட்டி இருக்கும். ஆனால் தயவுசெய்து ஸ்ட்ரைக்அவுட் பத்தியில் 10 என்றோ 12 என்றோ எழுதிவிடாதீர்கள். அதைக் காலியாக விடுங்கள். பக்கத்தில் ‘கேச்சர் புட்அவுட் 12’ என்று தனிப் பத்தி போடுங்கள். ஊகம் ஒருமுறை எண்ணாக ஏறிவிட்டால் பின்னால் வருகிறவர் அதை ஆவணம் என்று நம்பிவிடுவார்.

பல தாள்களில் பாக்ஸ் ஸ்கோரே இருக்காது. இன்னிங்ஸ் வாரியாக ரன், அதன் கீழே ‘பேட்டரீஸ்’ என்று பிட்சர், கேச்சர் பெயர் மட்டும் இருக்கும். அதுவும் போதும். ஒரே பிட்சர் பெயர் இருந்தால் வெற்றி அவருடையது. இரண்டு பெயர் இருந்தால் வெற்றியை யாருக்கும் எழுதாமல் விடுங்கள்.

கிழக்குவாசல்:

பழந்தாள் ஐயா சொல்வதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இப்படிச் சேர்த்த கணக்கைக் கடைசியில் மொத்தம் போட்டு, “400 வெற்றி”, “800 ஹோம் ரன்” என்று சொல்லும்போது லீக் சாதனைகளின் மதிப்பே குறைகிறது. ஜாஷ் கிப்சனின் பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் (புகழ் மன்றம்) பலகையில் லீக்கிலும் வெளியிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 800 ஹோம் ரன் என்று பொறித்திருக்கிறார்கள். லீக் ஆட்டங்களில் ஆவணம் உள்ளது 200க்கும் குறைவு. சந்தேகப்படுகிறவர்கள் இந்த 800-ஐக் காட்டித்தான் எல்லாமே கட்டுக்கதை என்கிறார்கள். கிரிக்கெட்டில் கிளப் ஆட்ட ரன்னை டெஸ்ட் ரன்னோடு யாராவது கூட்டுவோமா?

பழந்தாள்:

கூட்டக் கூடாது என்பதில் நானும் உங்களோடுதான். லீக் தனி, வெளி ஆட்டம் தனி, கலக்கவே கூடாது. ஆனால் வெளி ஆட்டத்தைக் கிளப் ஆட்டம் என்று தள்ளுவதை ஒத்துக்கொள்ள முடியாது.

லீக் அட்டவணையில் கறுப்பின அணிகளுக்கு ஒரு சீசனில் கிடைத்தது பெரும்பாலும் எண்பது ஆட்டம்கூட இல்லை. மீதி நாளெல்லாம் வெளியில் ஆடித்தான் பஸ்ஸுக்கு எண்ணெய் போட்டார்கள். நீங்கள் கிழக்குப் பக்கம் இருப்பவர், உங்களுக்குத் தெரியாததா? நியூயார்க்கின் டெக்ஸ்டர் பார்க்கில் புரூக்ளின் புஷ்விக்ஸ் அணியோடு ஆடும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வரும் கூட்டமும் காசும் பல லீக் ஆட்டங்களுக்கு வந்ததில்லை. புஷ்விக்ஸ் செமிப்ரோதான், ஆனால் மேஜர் லீகில் ஆடி முடித்தவர்களும் அதில் ஆடினார்கள். கறுப்பின அணியான ஹோம்ஸ்டெட் கிரேஸ் உருவானதே உருக்காலைத் தொழிலாளர்களிடமிருந்து. 1929-ல் அமெரிக்கன் நீக்ரோ லீகில் சேரும்வரை பெரும்பாலும் எந்த லீகிலும் இல்லாமல் ஆலை ஊர்களோடு ஆடியே வளர்ந்தது. ஹில்டேல் என்ற அணி டார்பி ஊர்ப் பையன்களின் அணியாக 1910-ல் தொடங்கி 1925-ல் கறுப்பின உலகத் தொடரை ஜெயித்தது. எந்த நாளில் அது கிளப் ஆட்டம், எந்த நாளில் பெரிய ஆட்டம்?

கறுப்பின பிட்சர் சாச்சல் பெய்ஜை எடுங்கள். 1935-ல் லீகை விட்டுவிட்டு வட டகோட்டாவில் பிஸ்மார்க் ஊர் அணிக்குப் போனார். நீல் சர்ச்சில் என்ற கார் வியாபாரி நடத்திய அணி, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து ஆடியது. ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகின் நிறவேலியை உடைத்துப் புரூக்ளினில் இறங்குவதற்கு 12 வருஷம் முன்னால்! அந்த ஆகஸ்டில் விச்சிட்டாவில் நடந்த முதல் தேசிய செமிப்ரோ போட்டியில் பிஸ்மார்க் கோப்பையை வென்றது. பெய்ஜ் 4 ஆட்டம் ஜெயித்து 60 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். அவர் பந்து வீச்சின் உச்சங்களில் ஒன்று அது. அதிகாரப்பூர்வக் கணக்கில் அந்த அறுபதில் ஒன்றுகூட இல்லை. இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதை ஒருவர் உட்கார்ந்து எழுதி வைக்க வேண்டும், எதிரணி யார், எவ்வளவு வலு என்ற விவரத்தோடு.

கறுப்பின ஆட்டக்காரர்களை லீக் ஏட்டுக்கு வெளியே தள்ளியது அவர்கள் திறமை இல்லை. நிறவேலிதான் தள்ளியது. அந்த வேலியின் அளவை வைத்தே நாமும் அவர்களை அளந்துகொண்டிருக்க எனக்கு மனசு வரவில்லை.

கிழக்குவாசல்:

எதிரணி விவரத்தோடு என்றால் சரி. லீக், மற்ற கறுப்பினத் தொழில்முறை அணி, செமிப்ரோ, ஊர் அணி என்று நாலாகப் பிரித்து வைத்தால் எனக்கு மறுப்பில்லை. டெக்ஸ்டர் பார்க் ஆட்டங்களுக்கு நியூயார்க் மாநிலப் பழைய தாள்கள் ஃபுல்டன் ஹிஸ்டரி தளத்தில் நிறைய உண்டு, தேடல் மட்டும் கொஞ்சம் முரண்டுபிடிக்கும்.

இளவேனில்:

நாலு பிரிவும் போட்டு ஓர் அட்டவணை தொடங்கிவிட்டேன். இப்போதைக்கு ஊர் அணி என்ற பிரிவில் மட்டும் ஒரு வரி. இன்னொரு சந்தேகம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பதால், அந்த பிட்சர் இவருடைய தாத்தாதான் என்று எப்படி உறுதிப்படுத்துவது? அதே குடும்பப்பெயரில் இன்னொரு இடதுகைக்காரர் இருந்திருந்தால்?

பழந்தாள்:

நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் அட்டவணையை நிரப்பக் கூடாது.

ராணுவ ஆள்சேர்ப்பு அட்டைகளைப் பாருங்கள். முதல் உலகப்போருக்கு 1917, 1918-ல் எழுதியவை, இரண்டாவதற்கு 1940 முதல் எழுதியவை. பிறந்த தேதி, முகவரி, வேலை தருபவர் யார், உயரம், உடல்வாகு எல்லாம் இருக்கும். வேலை தருபவர் என்ற இடத்தில் சிலர் பேஸ்பால் குழுவின் பெயரையே எழுதியிருக்கிறார்கள். அடியில் அவர் கைப்படப் போட்ட கையெழுத்து இருக்கும், குடும்பப்பெயரை அவரே எப்படி எழுதினார் என்று அதில் தெரிந்துவிடும். பக்ஸ்டனுக்கு அயோவா மாநிலம் 1915-ல் தனியாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கும் உண்டு, ஆளுக்கு ஓர் அட்டை. அதில் தாத்தாவின் வயதையும் வீட்டையும் பிடியுங்கள்.

பிறகு அந்தப் புகைப்படத்தின் பின்பக்கத்தை ஸ்கேன் செய்து இங்கே போடுங்கள், குடும்பம் சம்மதித்தால் மட்டும். ஸ்டுடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரியும். சட்டைக் காலரும் தொப்பியின் கோடும் எந்தச் சீசன் என்று சொல்லிவிடும். அதே சீசனில் யூனியன் ஜயண்ட்ஸ் குழுப்படம் வேறு ஊர்த் தாள்களில் வந்திருந்தால் ஒப்பிடலாம், என்னிடம் சில இருக்கின்றன. பெரியவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: தாத்தாவோடு ஆடியவர்களில் கேச்சர் யார் என்று வீட்டில் பேசிக்கொண்டது உண்டா? கேச்சர் பெயர் கிடைத்தால் ‘பேட்டரீஸ்’ வரிகளை இரண்டு பெயரையும் சேர்த்தே தேடலாம், பாதி வேலை குறைந்துவிடும்.